நிலநடுக்கத்துக்குச் சாதி இல்லை, சரி, பட்டியலுக்கு?

2015 ஏப்ரல் 25ஆம் தேதி நேபாளத்தில் நிலம் நடுங்கி ஒன்பதாயிரம் பேர் அளவில் செத்துப்போனார்கள். நான் அப்போது எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரியில் நிவாரண நிதி திரட்ட ஒரு கூட்டம் போட்டார்கள். அதில் கவிதை வாசிக்க என்னைக் கூப்பிட்டார்கள். ஒரே ராத்திரியில் எழுதினேன். பூமிக்குச் சாதி தெரியாது. இடிபாட்டுக்குள் கிடக்கிற கைகளில் எது உயர்ந்த கை, எது தாழ்ந்த கை என்று யாராலும் சொல்ல முடியாது. சாவு வந்து எல்லோரையும் சமமாக்கிவிட்டது. இதுதான் கவிதையின் சாரம். நல்ல கைதட்டல். 'இதுதானப்பா மானுடம்' என்று ஒரு பேராசிரியர் முதுகில் தட்டிக்கொடுத்தார். அவர் அதுவரை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

ஊருக்குப் போனபோது அந்தக் கவிதையை எங்க சித்தப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். சித்தப்பா ஒரு நகராட்சியில் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. எங்கள் அருந்ததியர் தெருவில் பாதிப்பேருக்கு அதுதான் வேலை. பீடியை அணைத்துவிட்டு முழுசாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான் எழுதிருக்க. பூமிக்குத் தெரியாதுங்கிற, சரி. பட்டியல் எழுதுறவனுக்குத் தெரியும்ல?"

எனக்குப் பதில் வரவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் தேடிக்கொண்டிருக்கிற பதில். நிவாரணம் என்பதை நான் இங்கே ஒரு பிரதியாக வாசிக்கப் பார்க்கிறேன். நிலநடுக்கம் முடிந்த மறுநாளே எழுத்து தொடங்கிவிடுகிறது. கணக்கெடுப்பு, படிவம், அரசாணை, அறிக்கை, தலையங்கம், கவிதை என்று எத்தனையோ எழுத்து. இலக்கிய விமர்சனம் கவிதையோடு நின்றுவிடுகிறது. படிவத்தை யாரும் விமர்சிப்பதில்லை. ஆனால் நம்ம ஜனங்களின் வாழ்க்கையைத் தீர்மானிக்கிற எழுத்து படிவம்தான்.

1

முதலில் ஒரு பழைய பிரதி. 1934 ஜனவரி 15ஆம் தேதி பீகாரையும் நேபாளத்தையும் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. பத்தாயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். காந்தி அப்போது தீண்டாமை ஒழிப்புச் சுற்றுப்பயணத்தில் தமிழ்நாட்டில் இருந்தார். ஜனவரி 24ஆம் தேதி திருநெல்வேலியில் பேசும்போது, பீகார் நிலநடுக்கம் தீண்டாமை என்கிற பாவத்துக்கு ஆண்டவன் கொடுத்த தண்டனை என்று நம்பும்படி கேட்டுக்கொண்டார். தாகூர் இதை மறுத்து எழுதினார். இயற்கை நிகழ்வுக்கு இயற்கைக் காரணம்தான் உண்டு, அதை ஒழுக்க நெறியோடு முடிச்சுப் போடக்கூடாது என்றார். இப்படிப்பட்ட வாதம் காந்தியைவிட அவருடைய எதிரிகளுக்குத்தான் பொருத்தமானது என்றும் சொன்னார். 1934 பிப்ரவரி 16ஆம் தேதி 'ஹரிஜன்' இதழில் தாகூரின் மறுப்பும் காந்தியின் பதிலும் வந்தன. காந்தி தன் நம்பிக்கையிலிருந்து இறங்கி வரவில்லை.

பகுத்தறிவு பேசும் மண்ணில் வளர்ந்த நமக்குத் தாகூர் பக்கம் நிற்பது எளிது. நானும் அந்தப் பக்கம்தான். காந்தியின் வாசிப்பில் சாதி இந்துக்கள் பாவம் செய்கிறார்கள்; கடவுள் தண்டிக்கிறார்; அந்தத் தண்டனையில் தீண்டப்படாதவர்களும் சேர்ந்து சாகிறார்கள். பாவத்துக்கு உள்ளானவனே தண்டனைக்கும் உள்ளாகிறான் என்றால் அது என்ன நீதி? அவருடைய நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. தீண்டாமையை விடச் சொல்லி உயர்சாதிக்காரர்களின் நெஞ்சைத் தொடத்தான் அப்படிப் பேசினார். ஆனால் அந்தப் பேச்சில் கேட்பவர்கள் அவர்கள்தான், திருந்தப் போகிறவர்களும் அவர்கள்தான். நாம் அதில் வெறும் காரணம். பாவத்தின் பெயர் நாம்.

இருந்தாலும் தாகூரோடும் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. நிலம் நடுங்குவதற்கு இயற்கைக் காரணம் போதும். ஆனால் நிலம் நடுங்குவது சில விநாடி. அதற்குப் பிறகு யாருக்குக் கூடாரம், யாருக்குத் தண்ணீர், யாருக்கு வீடு என்பதெல்லாம் பல வருஷம் நடக்கிற சங்கதி. அதற்கு இயற்கைக் காரணம் கிடையாது. பூமிக்குச் சாதி தெரியும் என்று ஒருவர் சொன்னார். தெரியாது என்று இன்னொருவர் சொன்னார். இரண்டு மகான்களும் பூமியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எண்பது வருஷம் கழித்து என் கவிதையும் அதே பூமியைத்தான் பார்த்தது. பட்டியல் எழுதுகிறவன் பக்கம் திரும்பிப் பார்க்கச் சொன்னது எழுதப் படிக்கத் தெரியாத எங்க சித்தப்பா.

2

அவர் சொன்ன பக்கம் திரும்பினால் முதலில் கண்ணில் படுவது லாத்தூர். 1993 செப்டம்பர் 30ஆம் தேதி விடியற்காலை நாலு மணி வாக்கில், மகாராஷ்டிரத்தின் மராத்வாடா பகுதியில் கில்லாரி என்கிற ஊரை மையமாக வைத்து நிலம் நடுங்கியது. விநாயகர் சிலைகளைக் கரைத்துவிட்டு வந்து ஜனங்கள் அசந்து தூங்கிக்கொண்டிருந்த நேரம். பத்தாயிரம் பேர் அளவில் செத்தார்கள். ரிக்டர் கணக்கில் அது மிகப் பெரிய நடுக்கம் அல்ல, 6.2 என்கிறார்கள். கொன்றது சுவர்கள்தான். மண்ணைக் குழைத்து வைத்துக் கட்டிய தடித்த கல்சுவர், அதற்கு மேலே வெயிலுக்காக அடி கணக்கில் மண் கொட்டிய கூரை. வசதியான வீடாக இருந்தால் சுவர் இன்னும் தடிமன். கீற்றும் தகரமும் போட்ட குடிசை விழுந்தால் ஆளை அவ்வளவு சுலபத்தில் கொல்லாது. எனவே பூமி அன்றைக்கு ஏழையைத்தான் தேடி அடித்தது என்று சொல்ல முடியாது. இதை நேர்மையாகச் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததைச் சொல்ல வேண்டும்.

அடுத்தது மறுகுடியமர்த்தல். உலக வங்கிக் கடனோடு பெரிய திட்டம் வந்தது. 52 கிராமங்களைப் புது இடத்தில் முழுசாகக் கட்டினார்கள். வீட்டின் அளவு எப்படித் தீர்மானமானது தெரியுமா? குடும்பத்தில் எத்தனை பேர் என்று பார்த்து அல்ல, நிலநடுக்கத்துக்கு முன் எவ்வளவு நிலம் வைத்திருந்தார்கள் என்று பார்த்து. நிலமில்லாதவர்களுக்கும் ஒரு ஹெக்டேர் வரை உள்ளவர்களுக்கும் 250 சதுர அடி. ஒன்றிலிருந்து ஏழு ஹெக்டேர் வரை 400 சதுர அடி. ஏழு ஹெக்டேருக்கு மேல் 750 சதுர அடி.

இந்த மூன்று எண்களையும் நான் பலதடவை திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறேன். சாதி என்கிற வார்த்தை எங்கேயும் இல்லை. படிவம் சுத்தமாக இருக்கிறது. ஆனால் மராத்வாடாவில் நிலம் யார் கையில், நிலமில்லாத கூலி யார் என்று கேட்டால் 250 சதுர அடிக்குள் யார் குடிபோவார்கள் என்பது தெரிந்துவிடும். எட்டுப் பேர் உள்ள மகர், மாங் குடும்பத்துக்கு 250. நாலு பேர் உள்ள நிலக்கிழார் குடும்பத்துக்கு 750. பல ஊர்களில் ஒரே அளவு வீடுகளை ஒரே வரிசையில் கட்டினார்கள். முன்பு ஊர், சேரி என்று ஆட்கள் பிரித்து வைத்ததை, இப்போது பொறியாளர் வரைபடம் அளவு போட்டுப் பிரித்துக் கொடுத்தது.

விவசாயம் செய்கிறவனுக்குத் தானியம் வைக்க, மாடு கட்ட இடம் வேண்டாமா என்று அப்போது காரணம் சொல்லியிருப்பார்கள். வேண்டும்தான். ஆனால் நிவாரணம் என்பது மனுசன் குடியிருப்பதற்கா, அவனுடைய அந்தஸ்து குடியிருப்பதற்கா? எல்லாம் தரைமட்டமாகக் கிடந்தபோது, ஒரு புது ஊரைக் கையில் எடுத்துப் பிசைந்து எப்படி வேண்டுமானாலும் செய்திருக்கலாம். பழைய ஏற்றத்தாழ்வை அப்படியே அளந்து எடுத்து சிமெண்டில் ஊற்றினார்கள். மண்சுவர் போய் சிமெண்டு வந்தது, அவ்வளவுதான். இனிமேல் அடுத்த நிலநடுக்கத்துக்குக்கூட அது இடியாது.

3

2001இல் நான் நாலாம் வகுப்பு. ஜனவரி 26 குடியரசு தினம். காலையில் கொடியேற்றத்துக்கு வரிசையில் நின்றோம், மிட்டாய் கொடுத்தார்கள். அதே காலை 8.46 மணிக்கு குஜராத்தின் கச்சு மாவட்டத்தில் நிலம் நடுங்கியது. அஞ்சார் என்கிற ஊரில் குடியரசு தின ஊர்வலம் போன பள்ளிப் பிள்ளைகள் மேல் ஒரு குறுகிய தெருவில் இரண்டு பக்கத்துக் கட்டிடங்களும் சரிந்தன. 185 பிள்ளைகளும் 20 ஆசிரியர்களும் செத்துப்போனார்கள். அவர்கள் கையிலும் கொடிதான் இருந்திருக்கும். இதைப் பிற்பாடுதான் படித்தேன். படித்த அன்றைக்கு எங்கள் பள்ளிக்கூடத்து வரிசை ஞாபகம் வந்து ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் பள்ளியில் அடுத்த வாரம் எல்லோரும் ஆளுக்கொரு பிடி அரிசியும் பழைய துணியும் கொண்டுவரச் சொன்னார்கள். அம்மா தன்னிடம் இருந்ததில் இரண்டாவது நல்ல சேலையைத் துவைத்து, வெயிலில் காயப்போட்டு மடித்துக் கொடுத்தது. "பாவம், அங்க குளிராமே" என்றது. நான் தலையில் வைத்துக்கொண்டு போனேன். துணிகளை வாங்கி அடுக்கிய ஆசிரியர் நிமிர்ந்து பார்த்து, "காலனித் துணியெல்லாம் அந்த ஓரத்துல தனியா வைங்க" என்றார். வைத்தோம். ஊர்த் துணியெல்லாம் மூட்டை கட்டி லாரியில் போனது. ஓரத்தில் இருந்த மூட்டை பரீட்சை வரைக்கும் அங்கேயே கிடந்தது. பிறகு ஒருநாள் அம்மாவின் சேலைக் கிழிசலால் வகுப்பறையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அதை நான் அம்மாவிடம் இதுவரை சொன்னதில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

வாங்குகிற இடத்தில் சாதி பார்ப்பதைப் பற்றி அறிக்கைகள் இருக்கின்றன. கொடுக்கிற இடத்திலேயே சாதி பார்ப்பதைப் பற்றி யார் அறிக்கை எழுதுவார்கள்? இரக்கப்படுவதற்கும் ஒரு தகுதி வேண்டியிருக்கிறது. நம்ம கை வாங்குகிற கையாக மட்டும் இருக்க வேண்டும். கொடுக்கிற கையாக இருந்தால் ஓரத்தில் வைத்துவிடுவார்கள்.

கச்சில் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது? நடுக்கம் நடந்து ஒரு மாதம் கழித்து ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு அங்கே போய்ப் பார்த்து எழுதியது. பணமும் தானியமும் எல்லாச் சமூகத்துக்கும் ஒரே அளவில் ஒதுக்கப்பட்டிருந்தது. ஆனால் கூடாரம், மின்சாரம், குழாய்த் தண்ணீர் ஆகியவை தலித்துகளுக்கும் முஸ்லிம்களுக்கும் மற்றவர்களைப் போலக் கிடைக்கவில்லை. முகாம்களும் சாதிவாரியாக, மதவாரியாகத் தனித்தனியாகவே இருந்தன. கவனிக்க வேண்டிய இடம் இதுதான். ஒதுக்கீட்டுக் கணக்கை மட்டும் வாசித்தால் சமத்துவம். முகாமுக்குள் நடந்து போனால் ஊரும் சேரியும். வீடு இடிந்து இரண்டே நாளில் ஜனங்கள் திறந்த வெளியில், ஒரே வானத்துக்குக் கீழே, பழைய தெருக்களைத் தார்ப்பாயால் திரும்பக் கட்டிக்கொண்டார்கள்.

பிறகு அரசு, கிராமங்களைத் தத்தெடுத்துக் கட்டித்தர நிறுவனங்களையும் தொண்டு அமைப்புகளையும் அழைத்தது. வீட்டை இழந்தவரே பணம் வாங்கிக் கட்டிக்கொள்கிற முறையையும் கொண்டுவந்தது. இந்த இரண்டாவது முறையை உலகமெங்கும் பாராட்டினார்கள். ஆட்களை ஊரைவிட்டுப் பெயர்க்காமல், அவர்கள் விருப்பப்படி கட்ட விட்டது நல்ல விஷயம்தான். ஆனால் உதவித் தொகை சேதத்தின் தரத்தையும் இடிந்த வீட்டின் பரப்பளவையும் பொறுத்தது. சேதத்தை ஜி1 முதல் ஜி5 வரை தரம் பிரித்தார்கள். முழுசாக இடிந்தது ஜி5. பெரிய வீட்டின் ஜி5க்கும் குடிசையின் ஜி5க்கும் பணம் ஒன்றல்ல. வீடே இல்லாமல் வாடகைக்கோ அடுத்தவன் இடத்திலோ இருந்தவன் எந்த ஜியில் வருவான்?

4

இந்த இடத்தில் சில சொற்களை நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும். எம்.ஏ. தமிழ் படித்ததில் எனக்கு உருப்படியாகக் கிடைத்தது சொல்லைச் சந்தேகப்படுகிற பழக்கம் ஒன்றுதான்.

'இழப்பீடு' என்கிறோம். இழந்ததற்கு ஈடு. அப்படியானால் இழப்பதற்கு ஏதாவது இருந்திருக்க வேண்டும். இரண்டு மாடி இடிந்தவன் நிறைய இழந்தவன். புறம்போக்கில் குடிசை போட்டிருந்தவன் கொஞ்சம் இழந்தவன். ஒன்றுமே இல்லாதவன் ஒன்றுமே இழக்காதவன். ஆயிரம் வருஷமாக எதையும் வைத்துக்கொள்ள விடாமல் செய்துவிட்டு, 'நீ எதை இழந்தாய், காட்டு' என்று கேட்கிற சொல் அது.

2015க்குப் பிறகு நேபாளத்தில் இதுதான் நடந்தது. வீடு கட்ட மூன்று லட்சம் நேபாள ரூபாய், மூன்று தவணையாக. நல்ல திட்டம். ஆனால் கையெழுத்துப் போட நிலப் பத்திரம் வேண்டும். அங்கே அதை லால்பூர்ஜா என்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தின் ஓரத்தில் குடியிருந்த தலித் குடும்பங்கள் லால்பூர்ஜாவுக்கு எங்கே போகும்? நிலமற்றவர்களுக்கு மனை வாங்க உதவுகிற ஏற்பாடு பிற்பாடுதான் வந்தது. அதுவரை தகரக் கொட்டகையில் மழையும் குளிரும். என் கவிதை கைதட்டல் வாங்கிய மேடையில் நான் லால்பூர்ஜாவைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. எனக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது.

'பயனாளி' என்கிறோம். பயன் அடைகிறவன். அவனுக்கு உரிமை என்று எதுவும் இந்தச் சொல்லில் ஒட்டவில்லை. கொடுப்பவன் மனம் வைத்தால் பயன். 'தத்தெடுத்த கிராமம்' என்கிறோம். தத்தெடுத்தால் அப்பன் யார், பிள்ளை யார்? பிள்ளை கேள்வி கேட்குமா? ஐம்பது வயது ஆளை, பேரன் பேத்தி எடுத்த கிழவியை, ஒரு கம்பெனி தத்தெடுத்துக்கொண்டு பெயர்ப்பலகை வைக்கிறது. 'மறுவாழ்வு' என்கிறோம். மறுபடியும் அதே வாழ்வா? ஊர்க்கடைசியில், சாக்கடை வந்து சேருகிற இடத்தில் இருந்த அந்த வாழ்வை மறுபடியும் கொண்டுவந்து கொடுப்பதற்குப் பெயர் மறுவாழ்வு என்றால், அந்த வார்த்தை உண்மையைத்தான் சொல்கிறது.

5

2004 டிசம்பர் 26ஆம் தேதி சுமத்ரா பக்கம் கடலுக்கடியில் நிலம் நடுங்கியதற்கு நாம் சுனாமி என்று பேர் வைத்துக்கொண்டதால், அதுவும் நிலநடுக்கம்தான் என்பது மறந்துபோகிறது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். கடல் கொண்டுபோனது மீனவர் பிள்ளைகளைத்தான் அதிகம். அதை யாரும் குறைத்துப் பேசக்கூடாது, நான் பேசவில்லை. ஆனால் கரையோரத்தில் மீனவர்கள் மட்டுமா இருந்தார்கள்? உப்பளத்தில், வயலில், மீன் கூடை சுமப்பதில் கூலிக்கு இருந்த தலித்துகள் 'மீனவர்' என்கிற கட்டத்துக்குள் வரவில்லை. அதனால் பல இடங்களில் 'பாதிக்கப்பட்டோர்' என்கிற கட்டத்துக்குள்ளும் வரவில்லை. வயலில் உப்பு ஏறினால் வயல்காரனுக்கு ஏக்கர் கணக்கில் இழப்பு. அந்த வயலில் கூலிக்குப் போனவளுக்கு வேலை போனது எந்தக் கணக்கிலும் இழப்பு இல்லை. முகாம்களில் தண்ணீர்த் தொட்டியைத் தொடவிடாத கதைகளும், தனியாக ஒதுக்கி உட்கார வைத்த கதைகளும் அப்போதே பதிவாயின.

ஒரு விஷயத்தில் மட்டும் தலித்துகளை எல்லோருக்கும் முன்னால் தேடி அழைத்தார்கள். பிணம் எடுக்க. பல ஊர் நகராட்சிகளிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களை வண்டி வைத்து நாகப்பட்டினத்துக்குக் கூட்டிப்போனார்கள். அப்படிப் போனவர்களில் எங்க சித்தப்பாவும் ஒருவர். 'ரெண்டு நாள் வேலை' என்று சொல்லித்தான் ஏற்றினார்களாம். ஒன்பது நாள் கழித்து வந்தார். கையுறை முதல் நாள் கொடுத்தார்கள், கிழிந்த பிறகு வேறு கொடுக்கவில்லை. ராத்திரி ஒரு பள்ளிக்கூடத்து வராந்தாவில் படுக்கை. பக்கத்து மண்டபத்தில் நிவாரணத்துக்கு வந்த தன்னார்வலர்களுக்குப் பந்தி நடந்தது. இவர்களுக்குப் பொட்டலம் வெளியே வந்தது. "உள்ள வராதீங்க, வாடை அடிக்கும்னு சொன்னாங்க. அடிக்கத்தான செஞ்சது" என்று அவரே சொல்லிச் சிரித்தார். அதற்குமேல் அந்த ஒன்பது நாளைப் பற்றி அவர் பேசியதில்லை. திரும்பி வந்து ஒரு மாசம் சோற்றைக் கையால் தொடாமல் கரண்டியால் தின்றதைத்தான் நான் பார்த்தேன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயசு.

அவர் எந்தப் பட்டியலில் வருவார்? பாதிக்கப்பட்டவர் இல்லை. தன்னார்வலர் இல்லை. பாராட்டுப் பத்திரம் வாங்கிய அதிகாரி இல்லை. அன்றைக்கு எத்தனையோ கவிதைகள் வந்தன. கடலைத் திட்டினார்கள், கடவுளைத் திட்டினார்கள், மனிதநேயத்தைப் புகழ்ந்தார்கள். மனிதநேயம் என்கிற அந்தச் சொல்லுக்குள் பிணத்தைத் தூக்கிய கை யாருடையது என்று கேட்ட கவிதை எத்தனை? ஒரு பேரழிவில்கூட வேலைப்பிரிவினை மாறவில்லை. எல்லோரும் தம்தம் குலத்தொழிலைத்தான் செய்தார்கள். இரக்கப்படுவது ஒரு சாதிக்கு, பிணம் எடுப்பது இன்னொரு சாதிக்கு.

6

கடைசியாக ஒன்று. வீடு இடிவதற்கு நிலம் நடுங்கத்தான் வேண்டுமா?

லாத்தூர் இருக்கிற அதே மராத்வாடாவில் 1978இல், பல்கலைக்கழகத்துக்கு அம்பேத்கர் பெயர் வைக்கச் சட்டமன்றம் தீர்மானம் போட்டதற்காகத் தலித் குடியிருப்புகளைக் கொளுத்தினார்கள். பதினாறு வருஷம் இழுத்தடித்து 1994 ஜனவரி 14ஆம் தேதிதான் பெயர் வந்தது. கில்லாரி நடுங்கி நாலு மாசம்கூட ஆகாத நேரம். 2012 நவம்பர் 7ஆம் தேதி நம்ம தருமபுரியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் 250 வீடுகளுக்கு மேல் எரிந்தன. சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டார்கள் என்பதுதான் காரணம். அந்தக் குடும்பங்களும் இடம்பெயர்ந்த குடும்பங்கள்தான். அவர்களுக்கும் தார்ப்பாய் வேண்டியிருந்தது, பாத்திரம் வேண்டியிருந்தது, பிள்ளைகளின் சான்றிதழ் சாம்பலாகியிருந்தது. எந்தப் பள்ளிக்கூடத்தில் ஆளுக்கொரு பிடி அரிசி கேட்டார்கள்? எந்தக் கல்லூரியில் கவியரங்கம் போட்டார்கள்?

சட்டத்தில்கூட இரண்டு சொற்கள். இயற்கை இடித்தால் 'நிவாரணம்'. வன்கொடுமைச் சட்டத்தின்படி கொடுத்தால் 'தீருதவி'. இயற்கையின் மேல் கோபப்பட யாருக்கும் சிரமமில்லை. அது ஓட்டுப்போடாது, பக்கத்துத் தெருவில் குடியிருக்காது. அதனால்தான் நிலநடுக்கம் எல்லோருக்கும் பிடித்த துயரமாக இருக்கிறது. குற்றவாளி இல்லாத துயரம். அந்த வசதியைக் கெடுப்பதுதான் தலித் விமர்சனத்தின் வேலை என்று நினைக்கிறேன். நடுக்கத்துக்குக் குற்றவாளி இல்லாமல் இருக்கலாம். 250 சதுர அடிக்கு இருக்கிறான். தனி முகாமுக்கு இருக்கிறான். ஓரத்தில் வைத்த மூட்டைக்கு இருக்கிறான்.

வெறும் ஆத்திரத்தோடு இதை முடிக்க எனக்கு விருப்பமில்லை. 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61ஆம் பிரிவு, நிவாரணத்திலும் இழப்பீட்டிலும் பாலினம், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் ஆகியவற்றின் பேரால் பாகுபாடு கூடாது என்று சொல்கிறது. நாகப்பட்டினத்துக்கு மறு வருஷம் வந்த சட்டம். இதை எத்தனை இயக்கங்கள் துண்டறிக்கையில் அச்சடித்து வைத்திருக்கிறோம்? முதல் நாளே கணக்கெடுப்பு ஊர்க்கடைசித் தெருவிலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்கலாம். எழுதிய பட்டியலைச் சேரியில் வைத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லலாம். உதவியை இடிந்த சுவரின் அளவை வைத்துக் கணக்கிடாமல் வீட்டில் உள்ள தலைகளின் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடச் சொல்லலாம். நிலமில்லாதவர்களுக்கு வீட்டுக்கு முன்னால் பட்டா, அதுவும் பெண்கள் பேரில். பிணமும் இடிபாடும் எடுக்கப் போகிற தொழிலாளிக்குக் கையுறையும் பூட்ஸும் தடுப்பூசியும் கூலியும் எழுத்துமூலம். அவன் பேரும் பட்டியலில் வரவேண்டும். நமக்குள்ளேயும் ஒரு கேள்வி இருக்கிறது. 'தலித்' என்று ஒரே கட்டமாகப் போடும்போது, துப்புரவு வேலைக்குப் போகிற சாதி அதற்குள்ளும் கடைசி வரிக்குப் போய்விடுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

எழுதுகிறவர்களுக்கு ஒன்று. சாவு எல்லோரையும் சமமாக்கியது என்று இனி எழுத வேண்டாம். செத்தவர்கள் சமமாக இருந்து யாருக்கு என்ன லாபம்? பிழைத்தவர்களின் கணக்கை எழுதுவோம். யார் பேர் விட்டுப்போனது, எந்த முகாமில் எந்தக் குழாய், எத்தனை அடி தள்ளி, யார் தூக்கினார்கள், என்ன கூலி. இதெல்லாம் இலக்கியமா என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

என்னுடைய அந்தக் கவிதை கல்லூரி ஆண்டு மலரில் அச்சாகியிருக்கிறது. நான் அதைக் கிழித்துப் போடவில்லை. பக்கத்தின் ஓரத்தில் சித்தப்பா கேட்ட கேள்வியைப் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாததால், தேதி மட்டும் போட்டிருக்கிறேன்.